வெள்ளைக்காரத் தம்பிக்கு டிவி கனெக்‌ஷன் எடுத்த கதை

என் வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள் யாரும் இந்த வீட்டில் இது இல்லை, அது இல்லை என்று சொல்லிக் காலி பண்ணிப் போனது கிடையாது. தண்ணீர் வரும், வெளிச்சம் வரும், மொட்டை மாடியில் நின்றால் சாத்தூர் போகிற ரோடு வரைக்கும் தெரியும். நான் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியும் என் வீட்டுக்காரர் பட்டாசு லோடு ஏற்றியும் கட்டிய வீடு. அதன் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற ஆட்களில் பாதிப் பேர் என் சுவரில் ஓட்டை போட வந்தவர்கள்.

அந்த மாடிக்குத்தான் ஒரு வெள்ளைக்காரர் குடிவந்தார்.

காலண்டர் அடிக்கிற பெரிய பிரஸ் ஒன்று எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவர் புதிதாக ஒரு மிஷின் இறக்கினார். அதைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, நம்முடைய ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்க மிஷினோடு வந்தவர் இவர். சீசனுக்கு முன்னால் மிஷின் ஓடியாக வேண்டும், அதுவரைக்கும் லாட்ஜில் கிடந்தால் மனுஷன் வதங்கிப் போவார் என்று அண்ணாச்சி என்னிடம் வந்து மாடியைக் கேட்டார். கொடுத்தேன்.

எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் என்றாலே ஜெர்மன்காரர்தான். மிஷின் எல்லாம் அங்கிருந்து வந்து வந்து அப்படிப் பழகிவிட்டது. இவர் ஜெர்மன்காரர் இல்லையாம், அதற்குப் பக்கத்து நாடாம். நாட்டின் பெயரை எனக்குப் பல தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் தும்மல் போடுகிற மாதிரித்தான் எனக்குக் கேட்டது. விட்டுவிட்டேன்.

நான் அவரைத் தம்பி என்றேன், அவர் என்னை அம்மா என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரிந்த தமிழ் "காரம்", "போதும்" இரண்டும்தான். இரண்டையும் சாப்பாட்டு நேரத்தில் கற்றுக்கொண்டார். மற்றதை எல்லாம் அவர் கையில் இருக்கிற போன் பேசும். அவர் தம் பாஷையில் போனிடம் முணுமுணுப்பார். உள்ளே இருக்கிற ஒரு பெண் அதைத் தமிழாக்கிச் சொல்லுவாள். அவள் தமிழ் இருக்கிறதே, அது பந்தியில் பரிமாறுகிற தமிழ் இல்லை, மேடையில் மாலை போடுகிற தமிழ். முதல் நாள் காலையில் என்னைப் பார்த்து, "தங்களின் இட்லி மிகவும் மென்மையாக உள்ளது" என்றாள். என் மாமியார் உயிரோடு இருந்த வரைக்கும் என்னைத் தங்கள் என்று சொன்னதில்லை. என் இட்லியையும் நல்லவிதமாகச் சொன்னதில்லை. ஆகவே போன்காரியை எனக்குப் பிடித்துப் போனது.

ஒரு நாள் காலையில் தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகம் சரியில்லை. வாசலில் நானும் எதிர் வீட்டுக்காரியும் உட்கார்ந்திருந்தோம். அவள் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். உருட்டுவது அவள் வீட்டில், பேசுவது என் வீட்டில். தம்பி போனை எங்களுக்கு நடுவில் நீட்டினார். போன்காரி சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை முதல் என் மனைவி காற்றில் இருப்பார். நான் அவரைக் கண்டே ஆக வேண்டும். எனக்கு ஒரு தொலைக்காட்சிச் சேவை வேண்டும்."

எதிர் வீட்டுக்காரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "யக்கா, காத்துல இருப்பான்னா... போயிட்டாளா?"

"போடி கூறு கெட்டவளே. வெள்ளிக்கிழமையிலிருந்துன்னு நாள் குறிச்சு வச்சிட்டா போவாக? ஃபிளைட்டுல வாறா. மதுரையில வந்து எறங்குவா."

"அப்ப டிவி எதுக்கு?"

"பாஷை தெரியாத ஊருல ஒரு பொம்பள வந்து உக்காந்தா பொளுது போக வேண்டாமா? அதுக்குத்தேன் டிவி."

எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

படிக்கிறவர்களைச் சுற்றலில் விட எனக்கு ஆசை இல்லை. உண்மையை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் எங்கேயும் பறக்கவில்லை. அவர்கள் ஊர் டிவியில் மழை, வெயில், பனி சொல்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அதற்காக வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவளாம். வெள்ளிக்கிழமைதான் அவள் திரையில் வருகிற முதல் நாள். எந்தத் தேசத்தில் இருந்தாலும் அதைப் பார்த்துவிடுவேன் என்று தம்பி வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். டிவியில் வருவதைக் காற்றில் வருவது என்று அவர்கள் சொல்வார்களாம். போன்காரி அதை அப்படியே தூக்கி என் வாசலில் வைத்துவிட்டாள். ஆனால் இதெல்லாம் எனக்குத் தெரிய வருவதற்குள் என் சுவரை இரண்டு பேர் தட்டிப் பார்த்துவிட்டார்கள்.

முதல் ஆள் என் கொழுந்தன் மகன். எங்கள் பக்கத்துத் தெருக்கள் எல்லாவற்றுக்கும் அவன்தான் கேபிள்காரன். சொந்தத்தில் ஒருவன் இருக்க வெளியே கேட்டால் நாளைக்கு விசேஷ வீட்டில் முகத்தைத் திருப்புவான். கூப்பிட்டேன்.

"ஏலே, மாடிக்கு ஒரு கனெக்‌ஷன் குடு. வெளியூர்ல இருந்து ஒரு பொம்பள வாறா. பொம்பளைக பாக்குத மாதிரி நல்ல சேனலா வரணும்."

"சீரியல் பேக்கேஜ் போட்டுருதேன் பெரியம்மா. காலையில அளுகை ஆரம்பிச்சா படுக்கப் போற வரைக்கும் நிக்காது."

"அவளுக்குப் புரியுமாலே?"

"அளுகைக்கு எதுக்குப் பாஷை?"

நியாயமாகத்தான் பட்டது. போஸ்ட்டிலிருந்து வயரை இழுத்தான். என் ஜன்னல் மேலே எங்கே ஓட்டை போடலாம், எங்கே போடக் கூடாது என்று நான் கீழேயிருந்து கையைக் காட்டினேன். அண்ணாச்சி ஒரு பெரிய டிவியைக் கொடுத்தனுப்பினார்.

சாயங்காலம் தம்பி பிரஸ்ஸிலிருந்து வந்ததும் கனெக்‌ஷனைப் பார்த்து முகம் மலர்ந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். ஒரு சீரியலில் மருமகள் அழுதாள். அடுத்ததில் மாமியார் அழுதாள். அதற்கடுத்து ஒருவர் ராசிக்கல் விற்றார். அப்புறம் நகைக்கடை, அப்புறம் அபிஷேகம், அப்புறம் மறுபடியும் அந்த முதல் மருமகள். தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். அடுத்த பொத்தானில் வந்துவிடும், அடுத்த பொத்தானில் வந்துவிடும் என்று முழுச் சுற்றும் போனார். திரும்பவும் ஒரு சுற்றுப் போனார். அப்புறம் ரிமோட்டைக் கீழே வைத்து, "போதும்" என்றார். இலைக்கு முன்னால் உட்காராமல் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றைக்குத்தான்.

போன்காரி சொன்னாள்: "இதில் என் மனைவி இல்லை."

"எப்பிடித் தம்பி இருப்பா? அவ இன்னும் அங்கனயிருந்து கெளம்பவே இல்லையே" என்றேன்.

போன்காரி அதை அவருக்குச் சொன்னாள். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். போனையும் பார்த்தார். இரண்டு பேரில் யார் மேல் சந்தேகப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கேபிள் சரிப்படவில்லை என்கிற சேதி எப்படிப் போனதோ, மறுநாளே சாத்தூரிலிருந்து டிஷ் மாட்டுகிறவர் தோளில் ஒரு குடையோடு வந்து நின்றார். குடை என்றால் மழைக்குப் பிடிக்கிற குடை இல்லை. மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்து வைக்கிற தட்டு. நாங்கள் அதைக் குடை என்றுதான் சொல்வோம்.

"யம்மா, ஆகாசத்துல எம்புட்டுச் சேனல் சுத்துதுன்னு உங்களுக்குத் தெரியாது. வெள்ளைக்காரச் சேனல் பூராம் இந்தக் குடையிலதேன் வந்து விளும்" என்றார்.

என் கொழுந்தன் மகன் அந்த நேரம் பார்த்துத் தெருவில் நின்றான். "விளும் விளும். தீவாளி ராக்கெட்டும் அதுலதேன் வந்து விளும். தீவாளிக்குப் பெறகு ஏறிப் பாரும், குடை இருக்காது, சல்லடை இருக்கும்" என்று கீழேயிருந்து கத்தினான்.

"ஒம்ம வயரு மட்டும் என்ன வாளுதாக்கும்? ஒசரமா ஒரு லோடு லாரி போச்சுன்னா ஒம்ம வயரும் லாரியோட சேந்து விருதுநகர் போயிருமே" என்றார் இவர் மேலேயிருந்து.

"லாரியோட போனாலும் படம் தெரியும்வே!"

நடுவில் மாடிப்படியில் நின்று நான் போட்ட அதட்டலில் இரண்டு பேரும் அடங்கினார்கள். குடை ஏறியது. வெள்ளைக்காரச் சேனலும் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒன்றில் சிங்கம் மானை விரட்டியது. ஒன்றில் ஒருவர் மீனைக் கழுவாமல் சட்டியில் போட்டார். ஒன்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏதோ வீட்டை விற்றுக்கொண்டிருந்தாள்.

"இந்தா தம்பி, வெள்ளைக்காரச் சேனல்!" என்றேன்.

தம்பி உற்றுப் பார்த்தார். "இவர் என் மனைவி அல்ல" என்றாள் போன்காரி.

எதிர் வீட்டுக்காரி என் காதைக் கடித்தாள். "எல்லாம் ஒண்ணு போலத்தேன் இருக்காக. இவரு எப்பிடிக்கா கண்டுபிடிக்காரு?"

"ஏன், ஒன் வீட்டுக்காரர நீ சந்தைக் கூட்டத்துல கண்டுபிடிக்க மாட்டியா?"

"கண்டுபிடிப்பேன். கூப்பிட மாட்டேன்."

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாச்சியே வந்துவிட்டார். இரண்டு நாளாகத் தம்பி மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்க்கிறார் என்று அவருக்கு விசாரம். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வரும். இரண்டு பேரும் மாடியில் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கீழே வந்தார்.

"யம்மா, அந்தப் பொண்ணு ஃபிளைட்டுல வரல. டிவியில வருது. மளை சொல்ற வேலை. நாளைக்கு மத்தியானம் நம்ம சாப்பாட்டு நேரத்துக்கு வருதாம். அவுக ஊருல அப்பத்தேன் காலையாம்."

"நானும் அதத்தேன சொன்னேன். எதுல வந்தா என்ன, வாறால்ல?" என்றேன். நான் ஒன்றும் அசரவில்லை.

அப்புறம்தான் சங்கடம் புரிந்தது. அந்த டிவி கேபிளிலும் வராது, குடையிலும் விழாது. கம்ப்யூட்டரில் வருமாம். ஆனால் அந்த நாட்டு எல்லைக்குள் இருப்பவர்களுக்குத்தான் திறக்குமாம். இது என்ன டிவி என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் கட்டினால் வெம்பக்கோட்டை வரைக்கும் கேட்க வேண்டும் என்று நினைப்போம். கேட்கவில்லை என்று ஒருவன் சொன்னால்தான் வருத்தம். இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மழை சொல்கிறார்கள்.

அண்ணாச்சி தம் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவரைக் கூட்டி வரச் சொன்னார். "அந்த நாட்டுக்குள்ள இருக்குற மாதிரி நாம வேஷம் போட்டுக்கிறலாம்" என்றார் வந்தவர். தம்பியின் லேப்டாப்பைத் தட்டினார். நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் கீழே போய் உலை வைத்துவிட்டு வந்தேன், சுற்றியது. சோறு வடித்துவிட்டு வந்தேன், சுற்றியது. தரைச்சக்கரம்கூட அத்தனை நேரம் சுற்றாது, கடைசியில் டப்பென்று ஓய்ந்தாவது போகும். இது அப்படியும் ஓயவில்லை. வேஷம் கட்டியவர் வேர்த்துப் போய் எழுந்து போனார். அண்ணாச்சியும் போனார்.

தம்பி மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். அத்தனை பெரிய ஆள், முழங்கால் இரண்டையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. போனிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

"நான் வாக்குத் தவறப் போகிறேன்" என்றாள் போன்காரி. அவள் குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. அதனாலேயே அது இன்னும் சுருக்கென்று இருந்தது.

என் வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் வாக்குத் தவறுவதா? நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"தம்பி, அந்த ஊருல ஒருத்தரு அவுக வீட்டு டிவிக்கு முன்னால போனத் தூக்கிப் புடிச்சா என்ன?"

இது என் மூளையில் முளைத்தது என்று சொல்ல மாட்டேன். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் வரும்போது துபாயில் இருக்கிற என் மகனுக்கு நான் இப்படித்தான் காட்டுகிறேன். நான் மட்டுமா? தெருவே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதில் யார் சாமி கும்பிடுகிறார்கள், யார் போன் பிடிக்கிறார்கள் என்று அம்மனுக்கே குழப்பமாகத்தான் இருக்கும்.

தம்பி தலை நிமிர்ந்தார். உடனே மறுபடியும் தொங்கப் போட்டுக்கொண்டார். பெற்றவர்கள் இல்லை, கூட்டாளிகள் எல்லாம் அந்த நேரம் வேலையில் இருப்பார்கள். வீட்டில் டிவியோடு இருக்கிற ஆள் ஒரே ஒருவர்தான்.

"என் மனைவியின் தாய்" என்றாள் போன்காரி. "அவர் என்னோடு பேசுவதில்லை."

ஏன் என்று கேட்டேன். எப்போது பார்த்தாலும் மிஷினோடு தேசம் தேசமாகப் போகிறவருக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று அந்த அம்மாவுக்கு மனத்தாங்கல். போதாதற்கு மாமியாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மருமகன் வரவில்லை. ஏதோ ஒரு நாட்டில் திருப்புளியோடு நின்றிருந்தார்.

"கோவம் நியாயந்தேன்" என்றேன். "ஆனா போனு புடிக்கிறதுக்குக் கோவம் எதுக்குத் தடுக்கணும்? போடுங்க. நான் பேசுதேன்."

"போதும், போதும்" என்று இரண்டு கையையும் ஆட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க மாட்டேன் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. லேப்டாப்பை எடுத்து வந்து போட்டார்.

திரையில் மாமியார் வந்தார். என் வயதுதான் இருக்கும். கத்தரித்த வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி. மருமகன் முகத்தைக் கண்டதும் அந்த அம்மாவின் வாய் ஓரமாகக் கோணியது. அதற்குப் போன்காரியின் உதவி தேவைப்படவில்லை. நான் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். தம்பி எனக்கு மகன் மாதிரி என்றால் அவர் மாமியார் எனக்குச் சம்பந்தி. சம்பந்தி அம்மாளை நாங்கள் மதினி என்போம்.

"மதினி, நல்லாருக்கீகளா? சாப்பிட்டீகளா?"

தம்பி போனை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தார். அந்த அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். மதினி என்பதைப் போன்காரி ஏதோ ஊர்ப் பெயராக்கிவிட்டாளாம். கறுப்பாக ஓர் அம்மா தன்னிடம் வழி கேட்பதாக அவர் நினைத்தாராம். அது அப்புறம் தெரிந்தது. நான் விடவில்லை.

"ஒங்க மருமகன் செஞ்சது தப்புதேன் மதினி. நானா இருந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பேன். ஆனா நாளைக்கு ஒங்க மக டிவியில வாறா. இவரு பாக்கலன்னா அளுகப் போறது இவரு இல்ல, ஒங்க மக. நல்ல நாளும் அதுவுமா அவ எதுக்கு அளுகணும்?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். தம்பி பாதியிலேயே தரையைப் பார்த்தார். நீளமாக வந்ததைப் போன்காரி சுருக்கினாளா, இல்லை அவர்கள் பாஷையே அப்படியா தெரியாது: "நான் பிடிப்பேன். என் மகளுக்காக. இந்த மனிதருக்காக அல்ல."

"அது போதும்" என்றேன்.

"போதும்" என்றார் தம்பியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மாடி ஹால் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அண்ணாச்சி வந்துவிட்டார், தம்பி இல்லாமல் மிஷின் ஓடப் போவதில்லை என்று. குழாய் உருட்டுகிற பெண்கள் வந்தார்கள். குடையைக் கழற்றிப் போக வந்த சாத்தூர்க்காரர் கழற்றாமல் ஓர் ஓரமாக நின்றார். என் கொழுந்தன் மகன் லேப்டாப்பிலிருந்து டிவிக்கு ஒரு வயரைச் செருகி, "படம் எங்கிருந்து வந்தாலும் நெட்டு என்னோட நெட்டுதேன்" என்று சாத்தூர்க்காரருக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். தம்பி சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார், அவள்தான் தம்மைப் பார்க்கப் போகிறாள் என்பது போல.

மாமியார் சொன்ன நேரத்துக்கு வந்தார். முதலில் அவர் வீட்டுக் கூரை தெரிந்தது. அப்புறம் ஜன்னல் திரை. அப்புறம் ஒரு கொழுத்த பூனை.

"இவுகளாக்கும் சம்சாரம்?" என்றான் கொழுந்தன் மகன். தலையில் ஒன்று வைத்தேன்.

அப்புறம் அந்த வீட்டு டிவி தெரிந்தது. ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்தி வாசித்தார். அவர் முடித்துவிட்டு, பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தார். தம்பி எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்துத் திரை முழுக்க ரோஸ் கலரில் ஒரு பெரிய மூட்டம் வந்து கவிந்தது.

"மளைச் சேதி ஆரம்பிச்சிருச்சு" என்றார் அண்ணாச்சி.

மழை இல்லை. மாமியாரின் கட்டைவிரல்.

தம்பி தம் பாஷையில் கத்தினார். பதிலுக்கு மாமியார் கத்தினார். நாற்காலியில் கிடந்த போன் தானாகவே, "என்னை அதட்டாதே" என்று தமிழில் சொன்னது. விரல் நகரவில்லை. மூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெண் குரல் மட்டும் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் தம்பி கத்துவதை நிறுத்திவிட்டார். டிவிக்கு நேரே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். கண்ணுக்கு முன்னால் பஸ் கிளம்பிப் போகிற ஆள் மாதிரி இருந்தது.

நான் லேப்டாப்புக்கு முன்னால் போய் விழுந்தேன். "மதினி! வெரலு! வெரல எடுங்க!"

"வெரலு! வெரலு!" என்றது ஹால் முழுக்க.

பேச்சு ஏறாது என்று தெரிந்து, என் கட்டைவிரலை லேப்டாப்பின் கேமராக் கண்ணுக்கு நேரே வைத்து அமுக்கி, வெடுக்கென்று எடுத்துக் காட்டினேன். வைத்தேன், எடுத்தேன். அங்கே ஒரு சின்ன ஐயோ கேட்டது. எந்தப் பாஷையில் ஐயோவோ. மூட்டம் விலகியது.

அந்தப் பெண் நின்றாள். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். பின்னால் அவர்கள் தேசத்தின் வரைபடம். கையை நீட்டி நீட்டிப் பேசினாள். முதலில் குரல் கொஞ்சம் நடுங்கியது, நடுக்கத்துக்கும் பாஷை வேண்டாம். அப்புறம் நேராகிவிட்டது. தம்பி மூச்சு விட்டாரா என்று தெரியாது. அவள் சிரித்தபோது இவர் சிரித்தார். அவள் திரும்பியபோது இவரும் கொஞ்சம் திரும்பினார்.

பிறகு அவள் படத்தில் கன்னங்கரேலென்று ஒரு மேகத்தைத் தொட்டாள். போன் அதையும் சும்மா விடவில்லை.

"பிற்பகலில் இடியுடன் கூடிய கனமழை பெய்யும். வெளியில் உள்ள பொருட்களை உள்ளே எடுத்து வைக்கவும்."

ஹாலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"யாத்தே! கொளாய் பூராம் வெளிய கெடக்கே!" என்று எதிர் வீட்டுக்காரி கிளம்பினாள்.

எங்கள் ஊரில் மழை என்றால் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் அள்ளுவோம், அப்புறம் கேட்போம். குழாய் நனைந்தால் குப்பை. வெடிமருந்து நனைந்தால் நாசம். காகிதம் நனைந்தால் காலண்டர் இல்லை. படிக்கட்டு தடதடவென்று அதிர்ந்தது. பெண்கள் தெருவுக்கு ஓடினார்கள். அண்ணாச்சி போனில், "ஷட்டரை எறக்குங்கலே! பேப்பர் ரீல் மேல தார்ப்பாயப் போடுங்க!" என்று கத்தினார். நான் மொட்டை மாடிக்கு ஏறி என் மோர் மிளகாயைத் தட்டோடு தூக்கினேன். தூக்கும்போதுதான் பார்த்தேன், மண்டை பிளக்கிற வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மதில் மேல் ஒரு காக்கா வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

கொழுந்தன் மகன் படியில் நின்று சிரியோ சிரியென்று சிரித்தான். "பெரியம்மா, அந்த மளை அவுக ஊருக்கு!"

"அள்ளுனது அள்ளியாச்சு. வாய மூடிட்டு இந்தத் தட்டப் புடிலே."

ஹாலுக்குத் திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணே லேப்டாப்பில் இருந்தாள். வேலை முடிந்த கையோடு, தாயின் படத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் வந்து நின்றிருந்தாள். தம்பியிடம் கேட்டதைப் போன்காரி எங்களுக்கும் சொன்னாள்.

"பார்த்தாயா?"

"பார்த்தேன். நன்றாக இருந்தது."

"நீ எல்லாவற்றையும் நன்றாக இருந்தது என்பாய். உண்மையாகவே பார்த்தாயா? நான் என்ன நிறம் அணிந்திருந்தேன்?"

அவள் அதற்குள் கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டையில் நின்றாள். கெட்டிக்காரி. தம்பி எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்க மாட்டார்.

வாசலில் குழாய்க் கூடையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற எதிர் வீட்டுக்காரி சொன்னாள்: "மயில்களுத்துக் கலரு கோட்டு! காதுல பொட்டுப் போல ஒரு தோடு!"

"எடது கையில வாட்ச்சு இல்ல" என்றாள் இன்னொருத்தி.

"மொதல்ல பயந்த, பெறகு சரியாயிட்ட" என்றேன் நான்.

தம்பி லேப்டாப்பை வாசல் பக்கம் திருப்பினார். கூடையும் முறமும் தட்டுமாக வேர்த்து வடிந்துகொண்டு நாங்கள் நின்ற நிலையை அவள் பார்த்தாள். இவர் அவளுக்கு மெல்லச் சொன்னார். போன்காரியும் சொன்னாள்: "நீ மழை வரும் என்றாய். இவர்கள் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட்டார்கள்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். கையை எடுத்தால் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீரும் நிற்கிறது.

"அங்கே மழை பெய்கிறதா?"

"ஒரு சொட்டுகூட இல்லை" என்றார் தம்பி.

"இங்கே என் பேச்சைக் கேட்டு யாரும் ஒரு குடைகூட எடுத்திருக்க மாட்டார்கள்" என்றாள் அவள். அதற்கு மேல் அவள் சொன்னதைப் போன்காரிக்குக் கொடுக்காமல் தம்பி காதோடு வைத்துக்கொண்டார். சரிதான், அது அவர்கள் பாடு.

இதற்குள் பக்கத்துக் கட்டத்தில் இருந்த மாமியார் என்னைப் பார்த்து விரலை நீட்டினார், அந்த விரலைத்தான். என் தட்டில் இருப்பது என்ன என்று கேட்டார். தினமும் மத்தியானம் போனைப் பிடிக்கத் தமக்குச் சம்மதம், மருமகனுக்காக இல்லை, மழை என்றதும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்த அம்மாளுக்காக என்றும் சொன்னார். இனித் தன் கேபிளுக்கு இங்கே வேலை இல்லை என்று கொழுந்தன் மகன் கேபிள் வயரைச் சுருட்டினான். சாத்தூர்க்காரர் குடையைக் கழற்ற மேலே ஏறினார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "இது மோர் மொளகா மதினி. நல்ல பச்ச மொளகாயா பாத்து எடுத்து, காம்பக் கிள்ளாம, நடுவுல கீறிக்கிறணும்..."

"அம்மா" என்றார் தம்பி, மனைவியின் கட்டத்தைக் காட்டி.

"இருங்க தம்பி. ஒங்க மாமியாருக்கு உப்பு எம்புட்டுன்னு இன்னும் சொல்லல."